தட்டின் இடப்பக்கம்

தட்டில் நாலு இட்லி வைத்திருந்தாள் அம்மா. வலப்பக்கத்து இரண்டும் தீர்ந்துவிட்டன. அவற்றை ஒட்டி ஊற்றியிருந்த தேங்காய்ச் சட்னியையும் அப்பா ஒரு சொட்டு விடாமல் வழித்துவிட்டார். இடப்பக்கத்து இரண்டு இட்லியும் நல்லெண்ணெய் குழைத்த பொடியும் கை படாமல் அப்படியே இருந்தன. அப்பா விரலால் தட்டின் வலது ஓரத்தைத் தட்டி, "இன்னும் ரெண்டு வை" என்றார். "தட்டுல இருக்கறதைச் சாப்பிடுங்களேன்" என்றாள் அம்மா. "எங்க இருக்கு? காலித் தட்டைக் காட்டுறே. இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு எண்ணி எண்ணி வைக்கிறியா?" என்று அவர் குரலை உயர்த்தினார். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து, தட்டைப் பிடித்து, அரைவட்டம் திருப்பி வைத்தாள். அப்பா குனிந்து பார்த்தார். "இதை முன்னாடியே வச்சிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதற்கு முந்தைய மூன்று வாரமும் நாங்கள் அவரைப் பிடிவாதக்காரர், அலட்சியக்காரர் என்றே நினைத்தோம். பக்கவாதம் வந்த பிறகு கோபம் அதிகமாகும், குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள் என்று வந்து பார்த்தவர்களும் சொல்லிவிட்டுப் போனார்கள். சவரம் செய்துகொண்டால் வலது கன்னம் மழமழவென்று இருக்கும், இடது கன்னத்தில் வெள்ளை முள்ளாய் நிற்கும். சட்டையில் வலது கையை நுழைத்துக்கொண்டு இடது கையைத் தொங்கவிட்டபடி வாசலுக்கு வந்து உட்காருவார். பேப்பரை எடுத்துத் தலைப்புகளின் கடைசி இரண்டு சொற்களை மட்டும் சத்தமாகப் படித்துவிட்டு, "ஒண்ணும் புரியற மாதிரி எழுத மாட்டேங்கிறான்" என்பார். கண் நன்றாகத்தான் தெரிந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. யாருக்கு எந்தத் தேதியில் மணியார்டர் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்பது வரை ஞாபகம் இருந்தது. இவ்வளவு சரியாக இருக்கிற மனிதர் பாதித் தட்டை விட்டால், வேண்டுமென்றே விடுகிறார் என்றுதானே தோன்றும்?

நான் 22 வருடமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். மூளைப் பாடம் வந்தால் கரும்பலகையில் பக்கவாட்டுப் படம் வரைந்து, நாலு வண்ணச் சாக்பீஸால் நாலு மடலையும் நிரப்புவேன். நெற்றி மடல்: சிந்தனை, அசைவு. பொட்டு மடல்: கேட்டல். பிடரி மடல்: பார்வை. உச்சி மடல்: தொடுஉணர்வு. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு அறை. மருத்துவர் ஸ்கேன் படத்தில் வலது உச்சி மடலின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக இருந்த திட்டைப் பேனா முனையால் காட்டியபோது, எனக்குத் தோன்றியதும் அந்தச் சாக்பீஸ் படம்தான். சரி, தொடுஉணர்வு கொஞ்சம் குறையும், இடது கை மரத்துப்போகும், பயிற்சி செய்தால் தேறிவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். நான் அத்தனை வருடம் எழுதிப்போட்ட அந்த ஒற்றைச் சொல்லில் இட்லித் தட்டு இல்லை, சவரம் இல்லை, சட்டையின் இடது கை இல்லை. அந்தச் சொல் ஏன் போதவில்லை என்ற கேள்விதான் அதற்குப் பிறகு என்னை விடவே இல்லை.

ஒரு வாழை இலை அளவு

புறணி என்றால் தோல், மரப்பட்டை. புறணி பேசுவது என்கிறோமே, அதுவும் 'புறம்' என்பதிலிருந்து வந்ததுதான். கார்டெக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கும் மரப்பட்டை என்றே பொருள். பெருமூளையைப் போர்த்தியிருக்கும் இந்தப் பட்டையின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர். மடிப்புகளை எல்லாம் நீவி விரித்தால் ஏறத்தாழ 2,000 சதுர சென்டிமீட்டர் வரும், ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிடும் தலைவாழை இலை அளவு. அதை மண்டை ஓட்டுக்குள் அடக்க வேண்டுமே, அதனால்தான் அத்தனை சுருக்கம். மூன்றில் இரண்டு பங்கு வெளியே தெரியாமல் பள்ளங்களுக்குள் மடிந்து கிடக்கிறது. வகுப்பில் நான் வரைந்த படம் மிச்சமுள்ள ஒரு பங்கைத்தான் காட்டுகிறது. மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் ஏறக்குறைய 1,600 கோடி இந்த இலையில் இருக்கின்றன. மற்றதில் பெரும்பகுதி பிடரிக்குக் கீழே சிறுமூளையில்.

அந்த மெல்லிய பட்டைக்குள் ஆறு அடுக்கு. தபால்காரர் மகளாக எனக்கு இது அஞ்சலகத்தின் பின்கட்டு மாதிரிதான் தோன்றும். கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் தோலிலிருந்தும் மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பிரிப்பு நிலையம் வழியாக வரும் செய்தி பெரும்பாலும் நாலாம் அடுக்கில் இறங்குகிறது. ஐந்தாம் அடுக்கிலிருந்து தண்டுவடம் வரைக்கும் நீண்ட நார்கள் கீழே போகின்றன. இரண்டாம், மூன்றாம் அடுக்குகள் புறணியின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு உள்ளூர்த் தபால் மாதிரி செய்தியைக் கடத்துகின்றன. இந்த அடுக்குகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வரும் தபால் அதிகமான இடத்தில் நாலாம் அடுக்கு பெருத்திருக்கும். அசைவைக் கவனிக்கும் இடத்தில் நாலாம் அடுக்கு தேடினாலும் கிடைக்காத அளவுக்கு மெலிந்து, ஐந்தாம் அடுக்கில் பெரிய பெரிய செல்கள் நிற்கும். 1776-ல் இத்தாலியின் பார்மா நகரத்தில் பிரான்செஸ்கோ ஜென்னாரி என்ற மருத்துவ மாணவர், மூளையின் பின்பக்கப் பட்டைக்குள் வெள்ளையாக ஒரு கோடு ஓடுவதை நுண்ணோக்கி இல்லாமலே பார்த்தார். அது பார்வைப் புறணியின் நாலாம் அடுக்கில் ஓடும் நார்களின் கோடு என்பது பிறகுதான் விளங்கியது. 1909-ல் ஜெர்மனியின் கோர்பினியன் புரோட்மன், அடுக்குகளின் இந்த வித்தியாசங்களையே எல்லைக்கோடாக வைத்துப் பட்டை முழுவதையும் பகுதி பகுதியாகப் பிரித்து எண் போட்டார். 4 அசைவு, 17 பார்வை. நூறு வருடத்துக்கு மேலாகியும் மருத்துவர்கள் இன்னும் அந்த எண்களைத்தான் சொல்கிறார்கள். 2016-ல் வெளிவந்த விரிவான வரைபடம் ஒன்று ஒவ்வொரு பக்கத்துக்கும் 180 பகுதிகள் என்று கணக்குக் காட்டியது.

அப்பாவின் வெள்ளைத் திட்டு 39, 40 என்ற எண்கள் போட்ட இடத்தில் இருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அந்த எண்களுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன். பார்வைப் புறணிக்கு நேரே எழுதுவது சுலபம். ரஷ்ய ஜப்பானியப் போரில் பிடரியில் குண்டு துளைத்துப் பிழைத்த வீரர்களை ஆராய்ந்த கண் மருத்துவர் தாட்சுஜி இனோயே, எந்த இடத்தில் துளை இருந்தால் பார்வையின் எந்த மூலை போகும் என்று கணக்கிட்டு, 1909-லேயே எழுதிவிட்டார். தொடுஉணர்வுக்கும் அப்படித்தான். மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் புறணியை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, இங்கே கட்டைவிரல், இங்கே உதடு, இங்கே கால் என்று புள்ளி வைத்தார். இவையெல்லாம் சாக்பீஸ் படத்துக்குள் அடங்கும். துளை இருந்தால் அந்த அளவுக்குக் குறை, அவ்வளவுதான். ஆனால் 39, 40 என்ற இடத்துக்கு நேரே கணக்கு, படிப்பு, உடலின் நிலை, இடத்தின் அறிவு, கவனம் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. எத்தனை சொல் எழுதினாலும் அப்பா அதில் இல்லை.

மருத்துவர் ஒருநாள் வெள்ளைத் தாளில் வட்டம் போட்டு, கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா 12 என்று எழுதினார். 1, 2, 3 என்று கீழே இறங்கி, 6-க்கு வருவதற்குள் 7, 8, 9 எல்லாவற்றையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி நெருக்கி எழுதி முடித்தார். 11-க்கு இடமில்லாமல் வட்டத்துக்கு வெளியே போட்டார். பாதி வட்டம் வெறுமையாக இருந்தது. "சரியா இருக்கா ஐயா?" என்று மருத்துவர் கேட்க, அப்பா தாளை நிதானமாகப் பார்த்துவிட்டு, "இருக்கு டாக்டர்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமாளிக்கும் முகம் அது இல்லை. ரிஜிஸ்டர் தபாலில் கையெழுத்து வாங்கிச் சரிபார்க்கும்போது இருக்குமே, அந்த முகம்.

சன்னதித் தெரு

இத்தாலியில் மிலான் நகரத்தில் எடுவார்டோ பிசியாக், கிளாடியோ லுசாட்டி என்ற இருவர் 1978-ல் எழுதிய ஒரு சிறிய கட்டுரையைப் பற்றி அந்த வாரம்தான் படித்தேன். அவர்களிடம் வந்த இரண்டு நோயாளிகளுக்கும் வலது மூளையில் பாதிப்பு. ஊரின் பெரிய தேவாலயச் சதுக்கத்தை மனக்கண்ணில் கொண்டுவரச் சொல்லி, தேவாலயத்தைப் பார்த்தபடி எதிர்முனையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு என்னென்ன தெரிகிறது என்று கேட்டார்கள். அவர்கள் வலப்பக்கத்துக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். பிறகு, தேவாலய வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சற்று முன் விட்டுப்போன கட்டடங்கள் எல்லாம் வந்தன, சற்று முன் சொன்னவை விட்டுப்போயின. படித்துவிட்டு வெகுநேரம் தூங்கவில்லை. கண்ணெதிரே இருக்கும் தட்டில் பாதி விட்டுப்போவது ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு நினைக்கும் ஊரிலும் பாதி விட்டுப்போகுமா?

அப்பா தபால் கொடுக்கப் போகும் தெருக்களில், அதாவது அவருடைய பீட்டில், சன்னதித் தெரு இருந்தது. கோயில் கிழக்கு பார்த்த கோயில். கோபுர வாசலில் தொடங்கி நேர் கிழக்கே தேரடி வரைக்கும் தெரு. 31 வருடம் அந்தத் தெருவில் சைக்கிள் மிதித்தவர். மறுநாள் சாயங்காலம், வாசல் திண்ணையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, கண்ணை மூடிக்குங்க. கோபுர வாசல்ல நிக்கிறீங்க, தேரடியைப் பார்த்து. என்னென்ன தெரியுது, சொல்லுங்க" என்றேன். அவருக்குச் சந்தோஷம். ஆறு வாரமாக அவரிடம் யாரும் வேலை பற்றிக் கேட்கவில்லை. பூக்கடை என்று ஆரம்பித்தார். அப்புறம் பாத்திரக்கடை, ஓட்டு வீடு, தையற்கடை, பூட்டிக் கிடக்கும் வீடு, சீட்டுக் கம்பெனி, மாடியில் டியூஷன் டீச்சர், ரைஸ் மில். கதவு எண், எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் படிக்கட்டு உயரம், எல்லாம் வந்தது. தேரடி வரைக்கும் போய் நின்றார். அத்தனையும் தெற்கு வரிசை. வடக்கு வரிசையில் ஒரு கதவுகூட இல்லை. தினமும் 11 மணிக்கு நின்று மோர் குடித்துவிட்டு வருவாரே, அவருடைய சிநேகிதர் வீடு, அதுவும் இல்லை. "அவ்வளவுதானாப்பா?" என்றேன். "அவ்வளவுதாம்மா, அப்புறம் தேரடி வந்துருதுல்ல."

எனக்குக் கை நடுங்கியது. ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருந்தேன். "சரி, இப்ப தேரடியில நிக்கிறீங்க. கோபுரத்தைப் பார்த்து. சொல்லுங்க." அவர் மறுபடி கண்ணை மூடினார். "மளிகைக்கடை" என்றார். வடக்கு வரிசையின் கிழக்குக் கடைசியில் இருப்பது. அப்புறம் வக்கீல் வீடு, பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிற வீடு, சைக்கிள் கடை. "அப்புறம் நம்ம மோர் வீடு" என்று சொல்லி, கண்ணைத் திறக்காமலே சிரித்தார். அந்த வீட்டுத் திண்ணையின் சிவப்புச் சிமெண்ட்டைச் சொன்னார். மோரில் நார்த்தை இலை கிள்ளிப் போட்டிருப்பார்கள் என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அந்த வீடு அவருக்கு உலகத்திலேயே இல்லை. இப்போது நார்த்தை இலை வாசனையோடு இருக்கிறது. இந்த முறை பூக்கடை இல்லை, பாத்திரக்கடை இல்லை, ரைஸ் மில் இல்லை.

ஒரு சந்தேகம் வந்தது. தபால்காரர்கள் போகும்போது ஒரு வரிசை, திரும்பும்போது ஒரு வரிசை என்றுதானே கொடுப்பார்கள்? பழக்கத்தில் அப்படிச் சொல்லியிருப்பாரோ? அதனால் எங்கள் வீட்டுக் கூடத்தைக் கேட்டேன். வாசற்படியில் நின்று பார்த்தால் என்ன தெரியும் என்றதற்கு டிவி, பீரோ, சாமி அலமாரி. இடப்பக்கத்தில் நாற்பது வருடமாகத் தொங்கும் ஊஞ்சலைச் சொல்லவில்லை. அடுப்படி நிலைப்படியில் நின்று பார்க்கச் சொன்னதும் முதலில் வந்தது ஊஞ்சல்தான்.

அன்றைக்கு எனக்குள் அந்தச் சாக்பீஸ் படம் உடைந்தது. அப்பாவின் ஞாபகம் எங்கும் போகவில்லை. இரண்டு வரிசையும் கதவு எண்ணோடு அவருக்குள் இருக்கின்றன. கண்ணும் போகவில்லை. எங்கே நின்று பார்த்தாலும், கண்ணைத் திறந்தாலும் மூடினாலும், 'என் இடப்பக்கம்' என்று ஒன்றை அவருக்காக விரித்துவைத்த ஏற்பாடுதான் போய்விட்டது. வீட்டில் ஓர் அறை இடிந்தால் இடிபாடு தெரியும். அந்த அறைக்குப் போகிற வழியே எங்கும் இருந்ததில்லை என்றால் எதைத் தேடுவது? கடிகாரத் தாளைப் பார்த்து "இருக்கு டாக்டர்" என்றாரே, அவர் கணக்கில் அது முழு வட்டம். இல்லாத ஒன்றை இல்லை என்று உணர்வதற்கும் புறணியில் ஓர் இடம் வேலை செய்யவேண்டியிருக்கிறது. அந்த இடமே போனால், போனது தெரியாது. "உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியலையா?" என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது எவ்வளவு அநியாயமான கேள்வி!

இந்த ஏற்பாடு 39, 40 என்ற இரண்டு வட்டத்துக்குள் மட்டும் இருப்பதாகவும் சொல்ல முடியாது. எந்த இடம் போனால் இப்படி ஆகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. உச்சி மடலின் கீழ்ப்பகுதி என்கிறார்கள், பொட்டு மடலின் மேல்பகுதி என்கிறார்கள், நெற்றி மடலையும் உச்சி மடலையும் புறணிக்கு அடியில் இணைக்கும் நீண்ட நார்க்கட்டு அறுந்தாலே போதும் என்கிறார்கள். எனக்குக் கடைசியாகச் சொன்னதுதான் மனதுக்கு ஒப்புகிறது. எல்லா அஞ்சலகமும் திறந்திருந்து, நடுவில் வண்டி ஓடாமல் போனாலும் தபால் வராதே. வலது மூளை அடிபட்டால் இடப்பக்கம் போகிறது, இடது மூளை அடிபட்டால் வலப்பக்கம் அந்த அளவுக்குப் போவதில்லை. இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது, வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது, அதனால் இடது போனால் வலது ஈடுகட்டுகிறது, வலது போனால் ஈடுகட்ட ஆள் இல்லை என்று விளக்குகிறார்கள். இடது மூளை கணக்கு, வலது மூளை கலை என்று ஆண்டு விழா மேடைகளில் பேசிக்கொண்டே இருக்கிறோம். இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

தெரிந்தும் தெரியாமலும்

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் இப்படிப்பட்ட நோயாளிகளின் வலப்பக்கத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்திருக்கிறார். இடப்பக்கத்தில் நீட்டும் பேனா கண்ணாடியில் தெரியும். அது கண்ணாடிதான் என்று நோயாளிக்கும் தெரியும். பேனாவை எடுங்கள் என்றால், சிலர் கையை இடப்பக்கம் கொண்டுபோகாமல் கண்ணாடிக்குள் விட்டார்கள். கண்ணாடியைத் தட்டித் தட்டி, பேனா உள்ளே இருக்கிறது, பின்னால் இருக்கிறது என்றார்கள். சவரம் செய்யும் அப்பாவைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, "அதோ இடது கன்னம், பாருங்க" என்று நாங்கள் மல்லுக்கட்டிய காலைகள் எல்லாம் ஞாபகம் வந்தன.

இன்னொன்றைப் படித்த பிறகு அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னேன். 1988-ல் ஜான் மார்ஷல், பீட்டர் ஹாலிகன் என்ற இருவர் இங்கிலாந்தில் ஒரு பெண்மணிக்கு இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். ஒரு வீட்டின் இடப்பக்கத்தில் தீ எரிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். எந்த வீட்டில் குடியிருப்பீர்கள் என்றதற்கு, என்ன அசட்டுக் கேள்வி என்று சலித்துக்கொண்டே, பெரும்பாலான முறை தீ எரியாத வீட்டைத்தான் தொட்டார். அதாவது, தீ உள்ளே போயிருக்கிறது, அவருக்கு வந்து சேரவில்லை. அம்மா அப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடும்போது அவர் திரும்பியே பார்ப்பதில்லை என்று அவளுக்கு வருத்தம். "எங்கேயோ ஒரு மூலைக்குப் போய்க்கிட்டுத்தாம்மா இருக்கும், நீ உட்காரு" என்றேன். இது முழு ஆறுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் அந்தப் பக்கம் உட்காருவதை விடவில்லை. பேசும்போது மட்டும் எழுந்து வலப்பக்கம் வந்து நின்று பேசுகிறாள்.

இப்போது தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறோம். அந்தச் சிவப்பு கண்ணில் படும் வரைக்கும் பார்வையை நகர்த்தவேண்டும் என்பது பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சி. பேப்பரிலும் ஒவ்வொரு பத்திக்கும் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறேன். சில நாள் நாடா வரைக்கும் வருகிறார், சில நாள் வருவதில்லை. வகுப்பில் மூளைப் படத்தை இப்போதும் நாலு வண்ணத்தில்தான் வரைகிறேன், பரீட்சைக்கு அதுதான் வரும். வரைந்து முடித்ததும் ஒரு மாணவியைக் கூப்பிட்டு, பள்ளி வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு தெருவைச் சொல்லச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்பது போலப் பார்ப்பாள். அப்புறம்தான் அப்பாவைப் பற்றிச் சொல்வேன். நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் மணி அடித்தும் யாரும் எழுந்திருக்காத வகுப்பு அது ஒன்றுதான்.

போன வாரம் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அப்பாவைச் சன்னதித் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கோபுர வாசலில் தொடங்கினோம். பூக்கடைக்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பாத்திரக்கடையில் நின்றோம். பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ குடிவந்து கோலம் போட்டிருந்தார்கள், அதை ரொம்ப நேரம் பார்த்தார். ரைஸ் மில் தாண்டித் தேரடிக்கு வந்ததும் இருட்டத் தொடங்கிவிட்டது. பின்பக்கச் சந்து வழியாகப் போனால் வீடு கிட்டே, அதனால் நாற்காலியை அந்தப் பக்கம் வளைத்தேன். அப்பா வலது கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க போறே? இன்னொரு வரிசை பாக்கி இருக்கும்மா. வண்டியைத் திருப்பு."